ரங்கூனிலிருந்து கேட்ட பிரிட்டிஷ் ஹார்ட்கோர்

ஹார்ட்கோர் பங்க் என்கிற, வேகமும் கத்தலுமான ராக் இசையைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஒரு வரி வந்துவிடும்: இதையெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும். சரி, நேரில் பார்க்கவே வழியில்லாதவன் என்ன செய்வது? லண்டன், மான்செஸ்டர் எல்லாம் அப்புறம், இங்கே பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் நிற்கிற வரிசையிலேயே பாதி ஆசை வடிந்துவிடும். ஆகவே பிரிட்டனிலிருந்து சமீபத்தில் வந்த சில ரெக்கார்டுகளையும், இணையத்தில் கிடைக்கிற ஷோ வீடியோக்களையும் ரங்கூனில் உட்கார்ந்தே கேட்டும் பார்த்தும் எழுதுகிற விமர்சனம் இது. என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான். கூட்டம் இல்லை, வியர்வை இல்லை, பீர் இல்லை, கரண்ட் எப்போது வரும் என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த ரெக்கார்ட் தன் காலில் நிற்குமா, இல்லை ஷோவுக்குப் போய்வந்தவர்கள் வாங்கி வைத்துக்கொள்கிற ஞாபகார்த்தம் மட்டும்தானா?

என் பிழைப்பு மொபைல் ரிப்பேர். ஸ்பீக்கர் மாற்றிய எந்தப் போனையும் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கஸ்டமர் கையில் கொடுப்போம். கடையில் மற்றவர்கள் பர்மியப் பாட்டு போடுவார்கள், முதலாளி டி.எம்.எஸ். போடுவார், நான் டிஸ்சார்ஜ் என்கிற பிரிட்டிஷ் குழுவைப் போடுவேன். "இதுல ஸ்பீக்கர் கரகரங்குதா, பாட்டே கரகரங்குதான்னு எப்படிடா கண்டுபிடிப்பே?" என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருக்கிறார். கண்டுபிடிக்கலாம். அந்தப் பாட்டில் இருக்கிற ஒவ்வொரு கரகரப்பும் எனக்கு மனப்பாடம், அதற்கு மேல் ஒன்று கேட்டால் அது ஸ்பீக்கருடையது, அவ்வளவுதான். இதைச் சொல்லக் காரணம், போன் ஸ்பீக்கரில் பேஸ், அதாவது அடியில் முழங்குகிற கனத்த சத்தம் என்பது கிட்டத்தட்ட வரவே வராது. வருவது நடுவில் இருக்கிற சத்தம் மட்டும், அதாவது கிடாரின் டிஸ்டார்ஷன், மனிதக் குரல், டிரம்மில் ஸ்னேர். இந்த மூன்றும் போதும் என்கிற ரெக்கார்ட் எங்கள் ஊரில் பிழைத்துக்கொள்ளும். ஸ்டுடியோவில் பணம் கொட்டி அடியில் பேஸையும் மேலே எதிரொலியையும் அடுக்கிய ரெக்கார்ட் டீக்கடை மேசையில் வைத்த போனில் பாதி செத்துப்போகும்.

டிஸ்சார்ஜ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரப்போகிற எல்லோரையும் நான் இவர்களை வைத்துத்தான் அளக்கிறேன். பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரில் 1977இல் ஆரம்பித்த குழு. அந்த ஊரில் ரெக்கார்ட் கடை வைத்திருந்த மைக் ஸ்டோன் தொடங்கிய க்ளே ரெக்கார்ட்ஸ்தான் இவர்களை வெளியிட்டது. 1982இல் வந்த 'ஹியர் நத்திங் சீ நத்திங் சே நத்திங்' ஆல்பத்தில் பதினான்கு பாட்டு இருக்கிறது, மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பாட்டுக்கு நாலைந்து வரிதான், எல்லாம் போர், அணுகுண்டு, பிணம். அந்த டிரம் ஓட்டத்துக்கு டி-பீட் என்றே பெயர் விழுந்து, ஸ்வீடனிலும் ஜப்பானிலும் டிஸ்ஃபியர், டிஸ்க்ளோஸ் என்று பெயரிலேயே 'டிஸ்' ஒட்டிக்கொண்டு குழுக்கள் கிளம்பின. இங்கே புதுக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் அதே 1982தான், எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் காகிதங்களையெல்லாம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுக்க வைத்த சட்டம். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் அந்த வருடத்தைப் படிக்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தேதான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

பங்க் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. கப்பல் வேலைக்குப் போன பையன்கள் தொண்ணூறுகளில் கொண்டுவந்த கேசட்டுகளிலிருந்து ஆரம்பம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின்போது மொஹாக் முடியும் ஆணி குத்திய ஜாக்கெட்டுமாக வெயிலில் நிற்கிற பர்மியப் பையன்களைப் பார்க்காத ரங்கூன்காரர் யாரும் இருக்க மாட்டார்கள். 2007 காவிப் புரட்சிக்குப் பிறகு உருவான தி ரெபெல் ரயட் குழுதான் அதில் வெளியுலகத்துக்குத் தெரிந்த பெயர்; தெருவில் படுக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஃபுட் நாட் பாம்ஸ் வேலையையும் அவர்கள்தான் இங்கே நடத்தினார்கள். அந்த ஜாக்கெட்டுகளில் தைத்திருக்கிற பேட்ச்களைப் பாருங்கள், டிஸ்சார்ஜ், எக்ஸ்ப்ளாய்டட், க்ராஸ், ஜி.பி.எச்., எல்லாம் பிரிட்டிஷ்காரர்கள். ஆனால் எல்லாம் நாற்பது வருடத்துக்கு முந்தைய பிரிட்டிஷ்காரர்கள். இப்போது அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நம் தமிழ்ப் பையன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவர்களுக்கு அனிருத் போதும்.

முதலில் பேட் ப்ரீடிங். இவர்களைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஸ்டீவனேஜ் என்கிற ஊர்க்காரர்கள், லண்டனுக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946இல் அரசாங்கம் முதன்முதலாக 'நியூ டவுன்' என்று அறிவித்த ஊர். வீடு இல்லாத தொழிலாளிகளுக்கு நல்ல வாழ்க்கை கொடுக்கிறோம் என்று சொல்லிக் கட்டினார்கள். இன்று அங்கே பெரிய வேலை கொடுக்கிற கம்பெனிகளில் ஒன்று ஏவுகணை செய்கிற எம்.பி.டி.ஏ. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் குழுவைக் கேட்டால் அவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தனியாக விளக்கவே வேண்டாம். 2024 ஜூனில் வந்த 'கன்டெம்ப்ட்' இவர்களுடைய ஐந்தாவது ஆல்பம். வெளியிட்ட கம்பெனி ஒன் லிட்டில் இன்டிபென்டென்ட். அதன் பழைய பெயர் ஒன் லிட்டில் இந்தியன். அந்தப் பெயரும் படமும் அமெரிக்கப் பூர்வகுடிகளை எப்படிக் காயப்படுத்துகின்றன என்று ஒரு க்ராஸ் ரசிகர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, அதன் நிறுவனர் டெரெக் பர்க்கெட் 2020இல் பெயரையே மாற்றிவிட்டார். அந்த மனுஷன் யார் என்று பார்த்தால், எண்பதுகளில் ஃப்ளக்ஸ் ஆஃப் பிங்க் இந்தியன்ஸ் என்கிற, அரசாங்கமே வேண்டாம் என்று பாடுகிற அனார்க்கோ பங்க் குழுவில் பேஸ் வாசித்தவர். ஒரு கடிதத்துக்காகக் கம்பெனி பெயரை மாற்றுகிற ஆளை நம்மூரில் நான் பார்த்ததில்லை.

ரெக்கார்ட் எப்படி? கிறிஸ் டாட் பாடுகிறார் என்று சொல்ல முடியாது, ஒரு நீளமான தகரக் கொட்டகையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு இந்தக் கோடியில் இருப்பவனைத் திட்டுகிறார். டிரம்மும் பேஸும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓட, கிடார் ரிஃப் அடிக்கிற நேரத்தைவிட அறுக்கிற நேரம்தான் அதிகம். டி-பீட் வரும், ஆனால் வந்து சௌகரியமாக உட்காராது. பழகிப்போச்சு என்று நாம் தலையாட்ட ஆரம்பிக்கிற இடத்தில் வேகத்தைப் பாதியாக வெட்டி, அந்த இடைவெளியில் வெறும் இரைச்சலை விடுகிறார்கள். தீமிதியில் பூக்குழிக்குப் பக்கத்தில் பம்பைக்காரர்கள் உச்சத்துக்கு ஏற்றிவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்களே, அந்த நிறுத்தத்தில் வயிறு ஒரு தடவை கீழே இறங்கும், அதேதான் இது. போன் ஸ்பீக்கரிலும் அது வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். பேஸ் போய்விடுகிறது, ஆனால் நிறுத்தம் போகவில்லையே. ஹெட்போனில் கேட்டால் அடியில் இன்னொரு ஆல்பமே இருக்கிறது, அது வேறு.

இவர்கள் ஆல்பத்தோடு கட்டுரையும் வெளியிடுகிற ஆட்கள், அதாவது பாட்டு வரி மட்டும் இல்லாமல், வேலை, வாடகை, அரசாங்கம் பற்றி நீளமான உரைநடை. சில இடங்களில் தலைவலி வரும், காலேஜ் பாடப்புத்தக வாசனை தூக்கலாக அடிக்கும். ஆனாலும் இங்கே எனக்கு அது பிடித்தது, ஏனென்றால் அந்த உச்சரிப்பில் கத்துகிறபோது பாதி வார்த்தை புரிவதில்லை, புரியாமல் ரசிக்கிற வயதையும் நான் தாண்டிவிட்டேன். படித்துவிட்டுக் கேட்டால் வேறு மாதிரி இறங்குகிறது. என் கேள்விக்கு இந்த ஆல்பம் கொடுக்கிற பதில்: நிற்கிறது. ஷோ, கூட்டம் எதுவும் வேண்டாம். தனியாக, இருட்டில், இன்வெர்ட்டர் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்போதுகூட நிற்கிறது.

அடுத்து தி சிசல். இங்கே எனக்குக் கொஞ்சம் மனச்சிக்கல் உண்டு. லண்டன் குழு, பாடுகிறவர் கடலோர ஊரான ப்ளாக்பூல்காரர், கிடாரில் இருக்கிற சார்லி மேனிங்-வாக்கர் சப்பி அண்ட் தி கேங் குழுவின் ஆள். முதல் ஆல்பம் 'ரிட்டாலியேஷன்' 2021இல் லா விடா எஸ் உன் முஸ் மூலம் வந்தது. ஸ்பெயினிலிருந்து லண்டனுக்கு வந்த ஒருவர் நடத்துகிற சின்ன கம்பெனி அது, பிரிட்டிஷ் பங்க்கில் இன்று உருப்படியான பல விஷயங்கள் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன. இரண்டாவது ஆல்பம் 2024 பிப்ரவரியில் ப்யூர் நாய்ஸ் என்கிற அமெரிக்க கம்பெனியிலிருந்து வந்தது. தலைப்பில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது, என் சித்தி இதைப் படிப்பார் என்பதால் நான் எழுதப்போவதில்லை, தேடினால் உடனே கிடைக்கும்.

இவர்கள் வாசிப்பது ஹார்ட்கோரும் ஓய்-யும் கலந்தது. ஓய் என்றால் தொழிலாளி வர்க்கத்துப் பையன்கள் பப்பில் கூட்டமாகச் சேர்ந்து கத்துகிற கோரஸ், பூட்ஸ், மொட்டைத் தலை, கால்பந்து மைதானச் சத்தம். மெட்டு நன்றாக இருக்கும், ஒரு தடவை கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நம் நிறத்தில் இருக்கிறவன் ஓய் கேட்டால் 1981 ஜூலை 3 ஞாபகம் வராமல் இருக்காது. லண்டனுக்கு மேற்கே சவுத்தால், பஞ்சாபிக் குடும்பங்கள் நிறையக் குடியிருக்கிற பகுதி. அங்கே ஹாம்ப்ரோ டாவர்ன் என்கிற பப்பில் தி பிசினஸ், தி லாஸ்ட் ரிசார்ட், தி ஃபோர்-ஸ்கின்ஸ் மூன்று குழுக்களுக்கும் ஷோ. கிழக்கு லண்டனிலிருந்து பஸ் பிடித்து வந்த ஸ்கின்ஹெட் கூட்டம் வழியில் இருந்த கடைகளை உடைத்து, ஆட்கள் மேல் கை வைக்க, அந்த ஊர்ப் பையன்கள் பப்பைச் சுற்றி வளைத்துப் பெட்ரோல் குண்டு போட்டு எரித்தே விட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1979 ஏப்ரல் 23, அதே சவுத்தாலில் நேஷனல் ஃப்ரன்ட் என்கிற நிறவெறிக் கட்சியின் கூட்டத்தை எதிர்க்கப் போன ப்ளேர் பீச் என்கிற பள்ளிக்கூட ஆசிரியர் போலீஸ் அடி வாங்கி, நள்ளிரவு தாண்டியதும் செத்தார். அன்று வாசித்த குழுக்கள் தாங்கள் நிறவெறியர்கள் இல்லை என்றுதான் சொன்னார்கள். இருக்கலாம். வந்த கூட்டம் யார் என்பதற்கு அந்தத் தெருவின் உடைந்த கண்ணாடிகள் பதில் சொல்லிவிட்டன.

சிசல் இந்தக் கணக்கில் சேர்கிற ஆட்கள் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய கோபம் மேலே இருப்பவர்கள் மேல். ஆனாலும் கோரஸ் வரும்போது, அந்தப் பத்துப் பதினைந்து ஆண் குரல்கள் ஒன்றாக ஏறும்போது, அந்த அறையில் எனக்கு இடம் இருக்கிறதா என்று காது தானாகவே ஒரு தடவை சுற்றிப் பார்க்கிறது. தெருவில் நடந்து போகும்போது பின்னாலிருந்து யாராவது 'கலா' என்று, இந்திய வம்சத்தவர்களை இங்கே இளக்காரமாகச் சொல்கிற பெயரில் கூப்பிட்டால் திரும்புவதா வேண்டாமா என்று யோசித்தே வளர்ந்தவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. அதே காலத்தில், 1979இல், தெற்கு லண்டனில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன்கள் மூன்று பேரும் ஒரு வெள்ளைக்காரப் பையனும் சேர்ந்து ஏலியன் கல்ச்சர் என்று ஒரு பங்க் குழு ஆரம்பித்தார்கள். வேற்றுக் கலாச்சாரக்காரர்கள் வந்து நாட்டை மூழ்கடித்துவிடுவார்கள் என்று மக்கள் பயப்படுகிறார்கள் என 1978இல், அடுத்த வருடம் பிரதமரான தாட்சர் டிவியில் சொன்னதற்கு நேரடியான பதில்தான் அந்தப் பெயர். ஒரே ஒரு சிங்கிள் 1980இல் போட்டார்கள். அதை யாரும் ஜாக்கெட்டில் பேட்ச்சாகக் குத்திக்கொள்வதில்லை. 2017இலிருந்து லண்டனில் டீகாலனைஸ் ஃபெஸ்ட் என்று வெள்ளையர் அல்லாத பங்க் குழுக்கள் தாங்களே நடத்துகிற விழா இருக்கிறது, நான் போக ஆசைப்படுகிற ஷோ என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

ஆல்பத்துக்கு வருகிறேன். இரண்டாவது ஆல்பம் முதலாவதைவிடச் சுத்தமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது, மெதுவான பாட்டுகள்கூட உண்டு, 'க்ரை யுவர் ஐஸ் அவுட்' மாதிரி. எனக்கு முதல் ஆல்பத்தின் முரட்டுத்தனம்தான் பிடிக்கும். போன் ஸ்பீக்கரில் இரண்டுமே பிழைக்கின்றன, குரல்தானே எல்லாம். ஆனால் தனியாகக் கேட்டால் பாதிதான். கோரஸ் என்பது கூடப் பாட ஆள் கேட்கிற சமாச்சாரம், நான் மட்டும் கடைக்குள் உட்கார்ந்து கத்தினால் முதலாளி டாக்டரிடம் கூட்டிப் போவார். இது ஷோவுக்கான ரெக்கார்ட்.

ஹை விஸ் குழு விஷயத்தில் நான் ஊரோடு ஒத்துப்போகவில்லை. ஹார்ட்கோர் குழுக்களிலிருந்து வந்த ஆட்கள் சேர்ந்து, தொண்ணூறுகளின் மான்செஸ்டர் கிடார் மெட்டையும் ஹார்ட்கோர் கோபத்தையும் கலக்கிறார்கள். பாடகர் கிரஹாம் சேல், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கிற நியூ பிரைட்டன்காரர், அந்த உச்சரிப்பை மறைக்காமல் அப்படியே பாடுகிறார், அது அழகு. 2022இல் 'ப்ளென்டிங்', 2024 அக்டோபரில் 'கைடட் டூர்', இரண்டையும் அமெரிக்காவின் டெய்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது, இரண்டையும் தயாரித்தவர் கனடாவின் ஃபக்ட் அப் குழுவின் டிரம்மர் ஜோனா ஃபால்கோ (சித்தி, மன்னிக்கவும், குழுவின் பெயரே அதுதான்). புது ஆல்பத்தில் 'மைன்ட்ஸ் எ லை' என்று கிட்டத்தட்ட டான்ஸ் கிளப் பாட்டே ஒன்று இருக்கிறது, ஒரு பெண் குரல் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு. பங்க்கே கேட்காதவர்களை இழுக்க இதைவிட நல்ல தூண்டில் இல்லை, என் தங்கச்சிக்குக்கூடப் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் நிலைமைக்கு இது பணக்கார ரெக்கார்ட். கிடாரில் ஏற்றியிருக்கிற எதிரொலியும் பேஸும்தான் அதன் வீடு. டீக்கடை மேசையில் போனை வைத்துப் போட்டால் வீடு இல்லை, மனுஷன் மட்டும் நடுத்தெருவில் நின்று கத்துகிறான். நல்ல ஹெட்போன் உள்ளவர்கள் கேளுங்கள், மற்றவர்கள் 'ப்ளென்டிங்'கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாப் விலன் பற்றி இரண்டு வரி. ராப்பும் பங்க்கும் கலந்த இரண்டு பேர், தங்கள் ரெக்கார்டைத் தங்கள் சொந்த கம்பெனியிலேயே போட்டு, 2022இல் 'தி ப்ரைஸ் ஆஃப் லைஃப்' ஆல்பத்தைப் பிரிட்டிஷ் டாப் இருபதுக்குள் கொண்டுபோனவர்கள், அதே வருடம் கறுப்பர் இசைக்கான மோபோ விருது விழாவில் மாற்று இசைக்கென்று முதல் முறையாகக் கொடுத்த விருதும் அவர்களுக்கே. கடந்த வருடங்களில் அவர்களைப் பற்றிச் செய்தியில் வந்ததெல்லாம் பாட்டைப் பற்றி இல்லை. அவர்கள் ஷோ ஆரம்பிக்கிற விதம் எனக்குப் பிடிக்கும்: முதலில் மேடையில் தியானம், கை கால் நீட்டுகிற உடற்பயிற்சி, கூட்டமும் சேர்ந்து செய்ய வேண்டும், அப்புறம்தான் அடி. ரெக்கார்ட் சுமார், அந்த ஆரம்பம் பிரமாதம்.

நேபாம் டெத் குழுவை விட்டுவிட்டேன் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். 1987இன் 'ஸ்கம்' ஆல்பத்தில் 1.316 விநாடியே ஓடுகிற ஒரு பாட்டு இருக்கிறது, கின்னஸ் புத்தகத்தில் ஏறிய பாட்டு. எங்கள் இன்டர்நெட் வேகத்தில் நடுவில் நிற்காமல் முழுசாக ஓடுகிற ஒரே பாட்டு அதுதான். அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஷோக்கள். பெரிய பெயர் அவுட்பிரேக் விழா. மான்செஸ்டரில் நடந்து வளர்ந்தது, 2025இல் லண்டன் விக்டோரியா பார்க் வரை போனது. சின்ன குழுக்களுக்கு ஆரம்பித்த விழாவில் இப்போது ராப் பாடகர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி அங்கே நிறையச் சண்டை. மான்செஸ்டர் வீடியோக்களில் பார்க்க வேண்டியது மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் தடுப்பே இல்லாததை. பெரிய விழா என்றால் முன்னால் இரும்பு வேலி, அதற்குள் செக்யூரிட்டி, இதுதான் உலக வழக்கம். இங்கே பையனும் பெண்ணும் ஏறி ஓடிவந்து மைக்கில் ஒரு வரி கத்திவிட்டு அப்படியே கூட்டத்தின் மேல் குதிக்கிறார்கள், அடுத்தவர் ஏற்கெனவே ஏறிவிட்டார். கேமராக்காரர் மேடை ஓரத்தில் நின்று எடுத்திருந்தால் பாருங்கள், பின்னாலிருந்து எடுத்ததைப் பார்த்து டேட்டாவை வீணாக்காதீர்கள்.

ஆனால் என் ஓட்டு சின்ன அறைகளுக்குத்தான். தெற்கு லண்டனில் நியூ கிராஸ் இன் போன்ற பப்கள், பிராட்ஃபோர்டில் ஒன் இன் ட்வெல்வ் கிளப். இரண்டாவதின் கதை அருமை: அரசாங்க உதவித்தொகை வாங்குகிறவர்களில் பன்னிரண்டில் ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று ஒரு அரசு ஆய்வு சொன்னதாம், வேலையில்லாதவர்கள் சேர்ந்து 1981இல் கிளப் ஆரம்பித்து அந்தக் கணக்கையே பெயராக வைத்துக்கொண்டார்கள். 1988இல் ஆல்பியன் ஸ்ட்ரீட்டில் சொந்தக் கட்டடமும் எடுத்துவிட்டார்கள், உறுப்பினர்களே சேர்ந்து நடத்துகிற இடம்.

இந்த மாதிரி அறையில் எடுத்த ஒரு வீடியோ என் போனில் எப்போதும் இருக்கும். படம் மங்கல், சத்தம் வெடித்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு பையன் கீழே விழுகிறான். விழுந்ததும் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் நாலு பக்கமும் கையை விரித்து இடம் பண்ணி, இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள். அவன் கால் ஷூ ஒன்றைக் காணோம். தூரத்தில் ஒரு பெண் அந்த ஷூவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பாட்டு முடிகிற வரை, யாருடையது என்று கேட்கிற முகத்தோடு. அவன் நொண்டிக்கொண்டே போய் வாங்கிக்கொள்கிறான், பாட்டு நிற்கவில்லை. அடிதடி மாதிரி தெரிகிற இடத்தில் இவ்வளவு மரியாதை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியம்.

ஈஸ்ட் ஹாமில் இருக்கிற என் அத்தை மகனை ஒரு பப் ஷோவுக்குத் தள்ளிவிட்டேன். ஆபீஸ் பேன்ட், தோல் ஷூ, டக் இன் செய்த சட்டையோடு போயிருக்கிறான். மறுநாள் வாய்ஸ் மெசேஜ்: "மச்சான், காது போச்சு, ரெண்டு பக்கமும் உய்ய்ய்னு கேக்குது. பாட்டு ஒண்ணும் புரியலை. ஆனா பாரு, நான் ஓரமா நிக்கிறேன், ஒருத்தன் என்மேல இடிச்சிட்டான். இடிச்சவன் நின்னு ஸாரி சொல்லிட்டு, காதுக்கு ஒரு பஞ்சு குடுத்துட்டுப் போறான், உடம்பு பூரா பச்சை குத்தினவன்." அது பஞ்சு இல்லை, இயர்பிளக், அங்கே பலர் கூடுதலாகக் கொண்டுபோவார்கள். நீங்கள் யாரையாவது அனுப்பினால் முதலில் அதை வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். டிக்கெட் விலை பதினைந்து பவுண்டுக்குள் அடங்கியது என்றான், நாலு குழு வாசித்தார்களாம். அவன் மறுபடி போவானா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வாங்குவது எப்படி? ஸ்ட்ரீமிங்கை நம்ப வேண்டாம், இங்கே அது நடுவழியில் நின்றுவிடும். பேண்ட்கேம்ப் தளத்தில் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் இருக்கிறார்கள். ஒரு தடவை டவுன்லோட் செய்தால் உங்களுடையது, எம்பி3 எடுங்கள், ஃப்ளாக் என்கிற பெரிய கோப்பு நம் லைனுக்கும் நம் ஸ்பீக்கருக்கும் அனாவசியம். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், சட்டை, ரெக்கார்ட் போன்றவற்றில் 10. பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று 2020 மார்ச்சில் ஆரம்பித்த வழக்கம் இருக்கிறது, சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடும், முடிந்தால் அன்றைக்கு வாங்குங்கள். 2022இல் எபிக் கேம்ஸ் வாங்கி, அடுத்த வருடமே சாங்ட்ரேடருக்கு விற்று, வேலை பார்த்தவர்களில் பாதிப் பேரை வெளியே அனுப்பிய கதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தளத்தைப் புனிதமாக நினைக்க வேண்டாம். க்ராஸ் காலத்தில் ரெக்கார்ட் உறையிலேயே இந்த விலைக்கு மேல் கொடுக்காதே என்று அச்சடித்து விற்றார்கள், அந்தக் காலம் போய்விட்டது. என் கார்டு எந்த வெளிநாட்டுத் தளத்திலும் ஓடுவதில்லை, அத்தை மகன் கட்டுவான், நான் இங்கே அத்தைக்குக் கையில் கொடுத்துவிடுவேன். விபிஎன் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

வினைல் கேட்காதீர்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டை இந்த ஊருக்குத் தபாலில் வரவழைப்பது அந்தத் தட்டுக்கே செய்கிற துரோகம், எனக்கு வந்தது அட்டை வேறு தட்டு வேறாக வந்தது. சட்டை வாங்கலாம், யாராவது சென்னை வழியாக வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். பிரிட்டிஷ் அளவில் மீடியம் என்று சொன்னால் நம் பையன்களுக்குத் தொளதொளவென்று இருக்கும், ஸ்மால் சொல்லுங்கள், கறுப்பு மட்டும் எடுங்கள், இந்த ஊர்த் தண்ணீரில் வெள்ளை நாலே துவையலில் பழுப்பாகிவிடும்.